பூட்டு இருக்கட்டும், சாவி யார்கிட்ட?

(தலைப்பு: டிஜிட்டல் பூட்டு படைப்பாளிக்குக் காவலா, வாங்கியவருக்கு விலங்கா? 'விலங்கே' அணியின் உரை)

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் கம்மி, நேரா விஷயத்துக்கு வர்றேன். டிஜிட்டல் பூட்டுன்னா, பாட்டு, மின்நூல் மாதிரி நாம வாங்கினதை இஷ்டத்துக்குக் காப்பி எடுக்க விடாம கம்பெனி உள்ள வைக்கிற மென்பொருள்.

எனக்கு முன்னாடி எதிரணியில பேசின அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. நீங்களும் கைதட்டினீங்க. "பூட்டைப் பார்த்து யாருங்க பயப்படுவா? திருடன்தானே! காசு கொடுத்து நேர்மையா வாங்குறவருக்குப் பூட்டு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாம வேற எதைப் பேசினாலும் அது நழுவுறதுதான். அதனால எழுதிட்டு வந்த காகிதத்தை மடிச்சு வச்சுட்டேன்.

அம்மா, திண்டுக்கல் பூட்டு உங்களுக்குத் தெரியும். 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பூட்டு. கடைக்குப் போய் ஒரு மாங்காய்ப் பூட்டு வாங்குறீங்க. சாவியைக் கடைக்காரர் யார் கையில கொடுப்பார்? உங்க கையில. அந்தப் பூட்டைப் பார்த்து நீங்க பயப்பட வேண்டாம்தான். இப்ப ஒரு பீரோ வாங்குறீங்கன்னு வச்சுக்கோங்க. முழுக் காசும் கட்டியாச்சு, பீரோ வீட்டுக்கு வந்தாச்சு. சாவி மட்டும் கடைக்காரர்கிட்டயே இருக்கு. புடவை எடுக்கணும்னா அவர் அனுமதி வேணும். அவர் கடையை மூடிட்டுப் போயிட்டா உங்க புடவையும் உள்ளேயே போச்சு. நாங்க பேசுறது இந்த ரெண்டாவது பூட்டைப் பத்தி. இதுக்குப் பயப்படுறவர் திருடன் இல்லைங்க, பீரோ வாங்கினவர்.

இது நான் கட்டின கதைன்னு நினைக்காதீங்க. இதைவிட மோசமானதே நடந்திருக்கு. நிதானமாச் சொல்றேன், ஏன்னா இதுல ஒவ்வொரு படியும் முக்கியம்.

2005, அமெரிக்கா. சோனி பிஎம்ஜி பெரிய பாட்டுக் கம்பெனி. 52 ஆல்பங்கள்ல எக்ஸ்சிபி-ங்கற ஒரு பூட்டைப் போட்டு சிடி விட்டாங்க. நீங்க கடையில காசு கொடுத்து அந்த சிடியை வாங்கி, விண்டோஸ் கம்ப்யூட்டர்ல போடுறீங்க. ஆட்டோரன், அதாவது சிடியில இருக்கிற நிரலைத் தொடங்கற விண்டோஸ் வசதி, தானா ஓடும். ஒரு ஒப்பந்தம் வரும், சரின்னு அமுக்கினாத்தான் பாட்டு. அமுக்கினா அவங்க பிளேயர் வரும். மூணு காப்பி வரைக்கும் எடுத்துக்கலாம், அதுக்கு மேல முடியாது. இது வரைக்கும் கண்ணுக்குத் தெரிஞ்சது.

கண்ணுக்குத் தெரியாதது என்ன? அதே நேரத்துல ஒரு டிரைவர், அதாவது விண்டோஸுக்கு அடியில ஓடுற ஒரு சின்ன நிரல், விண்டோஸோட மையத்துக்குள்ள போய் உட்கார்ந்துடும். விண்டோஸ்கிட்ட யாராவது "இந்த ஃபோல்டர்ல என்னென்ன ஃபைல் இருக்கு"ன்னு கேட்டா, அந்தக் கேள்வியை இது நடுவுல மறிச்சு, சில பேரை மட்டும் நீக்கிட்டுத்தான் பதிலை வெளிய விடும். எந்தப் பேரை? டாலர் குறி, எஸ், ஒய், எஸ், மறுபடி டாலர் குறின்னு ஆரம்பிக்கிற எல்லாப் பேரையும். ஃபைலா இருந்தாலும், ஓடிட்டு இருக்கிற நிரலா இருந்தாலும், ரெஜிஸ்ட்ரியில, அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறிச்சு வைக்கிற இடத்துல, இருக்கிற பதிவா இருந்தாலும் உங்க கண்ணுக்குத் தெரியாது. இதுக்குப் பேர் ரூட்கிட். கம்ப்யூட்டருக்குள்ள திருட்டுத்தனமா நுழையறவங்க ஒளிஞ்சுக்கறதுக்குப் பயன்படுத்துற வித்தை. அந்த ஒப்பந்தத்துல இதைப் பத்தி ஒரு வரி இல்லை. அழிக்கிறதுக்கு வழியும் சிடியில இல்லை.

2005 அக்டோபர் 31. மார்க் ருசினோவிச், விண்டோஸோட அடிமடி வரைக்கும் தெரிஞ்சவர். ஒளிஞ்சிருக்கிற நிரலைக் கண்டுபிடிக்க அவரே செஞ்ச ஒரு கருவியைத் தன் கம்ப்யூட்டர்லயே ஓட்டிச் சோதிக்கிறார். மறைஞ்ச ஃபோல்டர் ஒண்ணு மாட்டுது. எங்க இருந்து வந்துச்சுன்னு நூல் பிடிச்சுப் போனா, அவர் காசு கொடுத்து வாங்கின ஒரு பாட்டு சிடியில போய் முடியுது. இதைப் பொதுவுல எழுதி வெளியிட்டார். அப்பதான் உலகத்துக்கே தெரியும்.

அவர் இன்னொண்ணும் பார்த்தார். அந்தப் பூட்டு சும்மா தூங்கலை. ரெண்டு வினாடிக்கு ஒரு தடவை, ஓடுற எல்லா நிரலோட ஃபைலையும் போய்ப் பார்க்குது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஃபைலையும் எட்டு முறை விசாரிக்குது. நீங்க பாட்டே போடலைன்னாலும் இது நடக்கும். சிடியை வெளிய எடுத்துப் பரண்ல போட்டாலும் நடக்கும்.

சரி, அழிச்சுடுவோம்னு அந்த டிரைவர்களை நீக்கிட்டு ரீஸ்டார்ட் பண்ணார். சிடி டிரைவே காணாமப் போச்சு! ஏன்னு சொல்றேன். விண்டோஸ்ல சிடி டிரைவுக்குப் போற கட்டளை ஒரு சங்கிலி வழியாப் போகும். அந்தச் சங்கிலியில யார் யார் நிக்கணும்னு ரெஜிஸ்ட்ரியில ஒரு பட்டியல் இருக்கும். பூட்டு தன் பேரை அந்தப் பட்டியல்ல எழுதி வச்சிருக்கு. ஃபைல் போயிடுச்சு, பேர் இருக்கு. விண்டோஸ் அந்தப் பேரைக் கூப்பிடுது, ஆள் இல்லை, சங்கிலி அறுந்துச்சு, டிரைவ் எழுந்திரிக்க மாட்டேங்குது. பட்டியல்ல இருக்கிற பேரையும் தேடி நீக்கினதுக்கு அப்புறம்தான் டிரைவ் திரும்பி வந்துச்சு. ருசினோவிச்சுக்கு அது தெரியும். பேரப்பிள்ளைக்குப் பாட்டு போட்டுக் காட்ட சிடி வாங்கின பாட்டிக்குத் தெரியுமா?

இந்த இடத்துல நிறுத்துறேன். அம்மா, உங்க கேள்வியை இப்ப மறுபடி கேளுங்க. "காசு கொடுத்து நேர்மையா வாங்குறவருக்குப் பூட்டு இருந்தா என்ன?" ருசினோவிச் காசு கொடுத்தாரா? கொடுத்தார். நேர்மையா வாங்கினாரா? வாங்கினார். அவர் கம்ப்யூட்டர்லதானே ஒளிஞ்சிருந்துச்சு? திருட்டு எம்பி3 இறக்கினவன் கம்ப்யூட்டர் சுத்தமா இருந்துச்சுங்க! அவன் அந்த சிடியைத் தொடவே இல்லை, அதனால அவனுக்கு ஒண்ணும் ஆகலை. காசு கொடுத்தவருக்குத்தான் நோய்.

நோய்னு சொன்னேன், அது மிகை இல்லை. டாலர் குறி வச்ச பேர் எதுவா இருந்தாலும் மறைக்கும்னு சொன்னேன் இல்லையா? அந்தப் பேரை யார் வேணாலும் வச்சுக்கலாமே! ஒரு ஆன்லைன் விளையாட்டுல ஏமாத்துறவங்க, தங்களோட ஏமாத்து நிரலுக்கு அந்தப் பேரை வச்சு, விளையாட்டுக் கம்பெனியோட காவல் நிரல் கண்ணுல மண்ணைத் தூவினாங்க. நவம்பர் 10-ஆம் தேதி வாக்குல, அதே பேர்ல ஒளிஞ்சுக்கிற ட்ரோஜன், அதாவது நல்ல நிரல் மாதிரி நடிச்சு உள்ள நுழையற கெட்ட நிரல், கிளம்பிடுச்சு. வீட்டுக்காரருக்குத் தெரியாம உள்ள ஒரு இருட்டறை கட்டினது பூட்டுக் கம்பெனி. திருடன் வந்து குடியேறிட்டான்.

அப்புறம் நீக்குறதுக்கு ஒரு வழி கொடுத்தாங்க. இணையத்துல ஒரு படிவம் நிரப்பி, மின்னஞ்சல் கொடுத்துக் காத்திருந்து, ஆக்டிவ்எக்ஸ்-ங்கற, இணையப் பக்கம் நம்ம கம்ப்யூட்டர்ல ஓட்டுற ஒரு நிரல் துண்டை இறக்கணும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துல ஹால்டர்மேனும் ஃபெல்ட்டனும் அதைச் சோதிச்சாங்க. நீக்கி முடிச்சதுக்கு அப்புறமும் அந்தத் துண்டு கம்ப்யூட்டர்லயே தங்கிடுது. எந்த இணையப் பக்கம் வேணாலும் அதன் வழியா உங்க கம்ப்யூட்டர்ல தனக்கு வேண்டிய நிரலை ஓட்டலாம். நோயை விட மருந்து மோசம்.

இதுக்கு அந்தக் கம்பெனி சொன்ன பதில் என்ன? டிஜிட்டல் வணிகத்தோட தலைவர் தாமஸ் ஹெஸ், வானொலிப் பேட்டியில சொன்னார்: ரூட்கிட்னா என்னன்னே பெரும்பாலான மக்களுக்குத் தெரியாது, அப்புறம் அவங்க எதுக்குக் கவலைப்படணும்? அம்மா, உங்க கேள்வியும் இவர் கேள்வியும் ஒரே வயித்துப் பிள்ளைங்க. நேர்மையானவருக்கு எதுக்குக் கவலைன்னு நீங்க கேட்டீங்க. தெரியாதவருக்கு எதுக்குக் கவலைன்னு அவர் கேட்டார்.

மக்கள் கவலைப்பட்டாங்க. டெக்சாஸ் மாநில அரசே வழக்கு போட்டுச்சு. சுமார் 47 லட்சம் சிடி அடிச்சு, 21 லட்சம் வித்திருந்தாங்க. கடையில இருந்ததைத் திரும்ப எடுத்தாங்க. 2007 ஜனவரியில அமெரிக்க வணிக ஆணையத்தோட சமரசம்: கம்ப்யூட்டர் கெட்டுப்போனவங்களுக்கு 150 டாலர் வரைக்கும் ஈடு.

இன்னும் இருக்குங்க. நிரலாளர்கள் அந்தப் பூட்டைப் பிரிச்சுப் பார்த்தாங்க. உள்ள லேம்-னு ஒரு கட்டற்ற மென்பொருளோட துண்டுகள்! எம்பி3 செய்யற நிரல் அது. பல பேர் உழைச்சு எல்லாருக்கும் கொடுத்தது. அவங்க கேட்டது ரெண்டே ரெண்டு: எங்க பேரையும் உரிமத்தையும் போடுங்க, எங்க பகுதியோட மூல நிரலைக் கூடக் கொடுங்க. ரெண்டும் செய்யலை. பதிப்புரிமையைக் காக்க வந்த பூட்டு, அடுத்தவர் பதிப்புரிமையை மீறித்தான் செஞ்சிருக்கு. படைப்பாளிக்குக் காவல்னு பேசினீங்களே, அந்த நிரலை எழுதினவங்க படைப்பாளி இல்லையா?

சரி, இவ்வளவு பண்ணியும் காப்பியை நிறுத்துச்சா? சிடி உள்ளிருந்து வெளிய படிக்கப்படும். அதுல எழுதறது அமர்வு அமர்வா, அதாவது பகுதி பகுதியா இருக்கும். முதல் அமர்வு பாட்டு, உள் பக்கம். ரெண்டாவது அமர்வு பூட்டு, வெளி ஓரம். வெளி ஓரத்துல நகத்தளவு டேப் ஒட்டினாப் போதும்னு கார்ட்னர்-ங்கற தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் அந்த நவம்பர்லயே சொல்லிடுச்சு. கம்ப்யூட்டருக்கு அந்த அமர்வே தெரியாது, சாதாரண பாட்டு சிடியா எடுத்துக்கும். விண்டோஸ் இல்லாத லினக்ஸ் கம்ப்யூட்டரா? டேப்பும் வேண்டாம், பூட்டு அதுல ஓடாது. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 2003-ல, வேற ஒரு கம்பெனி பூட்டை இதே ஹால்டர்மேன் ஆராய்ஞ்சார். சிடி போடும்போது ஷிஃப்ட் விசையை அமுக்கிப் பிடிச்சா ஆட்டோரன் ஓடாது, பூட்டும் ஏறாதுன்னு எழுதினார். ஷிஃப்ட் விசை! எல்லா விசைப்பலகையிலயும் ரெண்டு இருக்கு. அந்தக் கம்பெனி அவர் மேல வழக்கு போடுவேன்னு அறிவிச்சு, மறுநாளே கைவிட்டுச்சு.

ஒருத்தர் டேப் ஒட்டினாப் போதும். அவர் எடுத்த காப்பியில பூட்டு இருக்காது. அவர்கிட்டேர்ந்து லட்சம் பேருக்குப் போற காப்பியிலயும் இருக்காது. கடைசி வரைக்கும் பூட்டோட குடும்பம் நடத்துறவர், கடையில வாங்கினவர் மட்டும்தான்.

கலைஞனுக்குச் சோறு வேண்டாமான்னு இன்னொரு ஐயா கேட்டார். வேணும். ஐட்யூன்ஸ் கடையில விக்கிற பாட்டுக்கு 2009-லேர்ந்து பூட்டு இல்லை. பாட்டு விக்கிறது நிக்கலை.

நம்ம நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்துலயும் 2012 திருத்தத்துல 65ஏ பிரிவு வந்துச்சு. உரிமையை மீறும் நோக்கத்தோட பூட்டை உடைச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை. "நோக்கத்தோட"! அந்தச் சொல்லைப் பாருங்கம்மா. பூட்டைத் தொட்டவன் எல்லாம் திருடன்னு நம்ம சட்டம்கூடச் சொல்லலை. நீங்க சொல்லிட்டீங்க.

யாரை அப்படிச் சொன்னீங்கன்னு ஒரு நிமிஷம் பார்ப்போம்.

2009 பிப்ரவரியில அமேசான், மின்நூல் படிக்கிற கிண்டில் கருவியோட ரெண்டாவது மாடலை விட்டுச்சு. எந்தப் புத்தகத்தையும் அதுவே வாய்விட்டுப் படிச்சுக் காட்டும். கண் தெரியாத ஒருத்தர், கடைக்குப் புதுப் புத்தகம் வந்த அன்னிக்கே அதைக் கேக்கலாம். எழுத்தாளர் சங்கம் ஒண்ணு, ஒலிப் புத்தக உரிமை வேறன்னு எதிர்த்துச்சு. படிக்கிற குரலைப் புத்தகம் புத்தகமா அணைக்கிற விசை பதிப்பாளர் கைக்குப் போச்சு. ஏப்ரல்ல, நியூயார்க்ல அந்தச் சங்கத்து வாசல்ல பார்வையற்றவங்க வந்து நின்னாங்க. அவங்க இலவசமாக் கேக்கலைங்க. காசு கொடுக்கிறோம், எங்க காதுக்குக் கொடுங்கன்னு கேட்டாங்க. அமெரிக்காவுல, பார்வையற்றவர் மின்நூல் பூட்டைத் திறந்து கேக்கறதுக்குச் சட்டத்துல விலக்கு உண்டு. ஆயுள் மூணு வருஷம். முடிஞ்சா மறுபடி புதுப்பிக்கணும். கண் தெரியாதது மூணு வருஷத்துல சரியாயிடுமா?

அவங்க படிக்கக்கூடிய வடிவத்துல புத்தகம் கிடைக்கணும்னு 2013-ல மொராக்கோ நாட்டு மராகேஷ்ல ஒரு உலக ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. அதை முதல்ல உறுதி செஞ்ச நாடு எது தெரியுமா? 2014 ஜூன்ல, இந்தியா. தட்டுங்கய்யா கையை, இதுக்குத் தட்டுங்க!

அதே 2009, ஜூலை. உரிமை இல்லாத ஒருத்தர் கிண்டில் கடையில ஏத்தின ரெண்டு நாவல்களை, வாங்கினவங்க கருவியிலிருந்தே அமேசான் தூரத்திலிருந்து அழிச்சுச்சு. காசைத் திருப்பிக் கொடுத்தாங்க, பின்னாடி மன்னிப்பும் கேட்டாங்க. ஒரு பள்ளிக்கூடப் பையன் அதுல ஒரு நாவலைப் படிச்சு, விடுமுறைப் பாடத்துக்காகக் குறிப்பு எழுதிட்டு வந்தான். புத்தகம் போச்சு. குறிப்பு மட்டும் மிச்சம். எந்தப் பக்கத்துக்கு, எந்த வரிக்கு எழுதினான்னு காட்ட ஒண்ணும் இல்லை.

உங்க வீட்டு அலமாரியில அப்பாவோட புத்தகம் ஒண்ணு இருக்கும். பழுப்புத்தாள் அட்டை. முதல் பக்கத்துல மை பேனாவுல பேர், வாங்கின தேதி. நடுவுல எங்கயோ பென்சில் கோடு. அதை மகளுக்குக் கொடுக்க அப்பா யார்கிட்டயும் கேக்கலை. மின்நூல் கடை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்க, பெரும்பாலும் அது இதை "விற்பனை"ன்னு சொல்லாது. "உரிமம்"னு இருக்கும், அடுத்தவருக்கு மாத்தித் தர முடியாத உரிமம். அப்பாவோட அது முடிஞ்சுடும்.

காகிதப் புத்தகம் முடியலை. மக திறக்கிறா. நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல மடிச்ச பஸ் டிக்கெட் ஒண்ணு. அப்பா அங்க நிறுத்தியிருக்கார். அவ அங்கேர்ந்து படிக்க ஆரம்பிக்கிறா.

மணி அடிச்சிட்டீங்க நடுவர் அவர்களே. வணக்கம்.