விருந்தினர் தங்கினால்தான் கூரை தங்கும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். வங்காளத்துக் கிராமங்களில் நிற்கும் ஜமீன்தார் மாளிகைகளைக் காப்பது அரசின் பாதுகாப்பா, தங்க வரும் பயணிகளா என்பது இன்றைய வழக்கு. தங்க வரும் பயணிகளே என்பது எங்கள் அணி.

"ராஜ்பாரியை, அதாவது ஜமீன்தார் மாளிகையை, விடுதியாக்கினால் அந்த வீடு செத்துப்போகும்" என்றார் எதிரணித் தலைவர். ஐயா, அந்த வீடு எதனால் சாகிறது என்று முதலில் பாருங்கள். கூரைக்கு ஏறுங்கள். சால் மர உத்தரம், அதன் குறுக்கே நெருக்கமாகச் சிறு கட்டைகள், அதன்மேல் ஓடு, அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்த தளம். நம்மூர்ப் பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் தளத்துக்கு நெருங்கிய உறவு. தண்ணீர் தேங்காதவரை இந்தத் தளத்துக்குச் சாவே இல்லை. ஆனால் மாடித் தண்ணீர் வெளியேறும் தூம்பில் இலை அடைத்துக்கொண்டால், ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை பெய்கிற மழை மேலேயே நிற்கும். மயிரிழை விரிசல் வழியாக இறங்கி, உத்தரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தைப் பிடிக்கும். கீழே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. முனை மக்கி முடிந்ததும் ஒருநாள் அறையின் கூரை மொத்தமாக இறங்கிவிடும்.

அடுத்த எதிரி அரசங்கன்று. பறவை எச்சத்தில் வந்து கைப்பிடிச் சுவரில் முளைக்கும். விரல் உயரத்தில் இருக்கும்போது பிடுங்கினால் வந்துவிடும். மூன்று நான்கு மழை கண்டு, வேர் செங்கலுக்குள் தடித்துவிட்டால் இழுக்கவே கூடாது, சுவரும் சேர்ந்து வரும். மரத்தை வெட்டி, அடிக்கட்டையில் மருந்து வைத்து வேரைச் சாகவிட்டு, பிறகு அந்த இடத்துச் செங்கலைப் பிரித்துச் சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் பொடியும் வைத்து மறுபடி கட்ட வேண்டும். இதெல்லாம் பெரிய செலவு. வாரம் ஒருமுறை ஒருவர் மாடிக்குப் போய்ப் பார்த்தால் அந்தச் செலவே இல்லை. அந்த ஒருவருக்குச் சம்பளம் தருவது யார்?

குத்தகை நின்ற கதையை எதிரணி மறந்துவிட்டது. இன்றைய வங்கதேசமான கிழக்கு வங்காளத்தில் 1950லும் மேற்கு வங்காளத்தில் 1953லும் வந்த சட்டங்கள் ஜமீன் முறையை முடித்தன. குத்தகை வருமானம் போயிற்று, வீடு மட்டும் நின்றது. தலைமுறைக்குத் தலைமுறை பங்கு பிரிந்தது. ஒருவருக்கு இரண்டு அறை, இன்னொருவருக்கு மாடிப்படி, வேறொருவருக்குப் பூசை முறை. கூரை யாருடைய பங்கு? எல்லாருடையதும் என்றால் ஒருவருடையதும் இல்லை. அறை வாடகை வரும்போதுதான் அந்தக் கூரைக்குப் பொதுவாக ஒரு பணப்பை உண்டாகிறது.

அரசு காத்ததற்குச் சான்றாக வங்கதேசத்து ரங்பூரின் தாஜ்ஹாட் மாளிகையைக் காட்டினீர்கள். நல்ல சான்று, ஆனால் அது எங்கள் பக்கம் பேசுகிறது. 1984 முதல் 1991 வரை அங்கே உயர்நீதிமன்றக் கிளை நடந்தது. 2005இல் அருங்காட்சியகம் வந்தது. ஆள் புழங்கிய கட்டடம் அது. மேற்கு வங்காள அரசின் சுற்றுலாத் துறையே ஜார்கிராம் அரண்மனை வளாகத்தில் பயணிகளுக்கு அறை விடுகிறது. தெற்கு 24 பர்கானாவின் பவாலியில் சிதைந்து கிடந்த மண்டல் குடும்பத்து மாளிகை எழுந்ததும் விடுதியாகத்தான்.

விடுதியாக்குகிறவர்கள் பழைய சுவரில் சிமெண்ட் பூசிக் கெடுக்கிறார்கள் என்ற உங்கள் குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும் சுவர். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, உப்புப் பூத்து, பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும். அது தவறான பழுதுபார்ப்பின் குற்றம். விடுதியே இல்லாத வீட்டிலும் நடக்கிறது. சுண்ணாம்பே பூசுங்கள், குளியலறையைப் பக்கத்துச் சிறு அறையில் வையுங்கள், குழாயைச் சுவருக்குள் வெட்டிப் புதைக்காமல் வெளியே ஓட்டுங்கள்.

"குடியானவன் வியர்வையில் எழுந்த சுவர், அதை ஏன் காக்க வேண்டும்?" என்றார் இன்னொரு நண்பர். உண்மைதான். 1793இன் நிலையான நிலவரித் திட்டத்தில் வசூலின் பதினொரு பங்கில் பத்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு. குறித்த நாள் சூரியன் மறைவதற்குள் வரியைக் கட்டாவிட்டால் ஜமீன் ஏலத்துக்குப் போகும். அந்த நெருக்கடி முழுவதும் உழுதவன் தலையில் இறங்கியது. அதனால்தான் சொல்கிறேன், குத்தகை எண்ணி வாங்கிய கச்சேரிக்கூடம், அதாவது ஜமீன் அலுவலகம், நிற்க வேண்டும். அது இடிந்தால் அந்தக் கணக்கை எந்த இடத்தில் நின்று சொல்லிக் கொடுப்பீர்கள்?

ஒரு மணிநேரம் வந்து படம் எடுத்துப் போகிறவருக்கு முகப்புத் தூண்கள் மட்டும்தான் கிடைக்கும். ஹௌராவில் பர்த்தமான் மெயின் லைன் லோக்கல் ஏறி, கன்யானில் இறங்கி, டோட்டோ என்ற மின் ரிக்‌ஷா பிடித்து இட்டாச்சுனா ராஜ்பாரிக்குப் போய் ஓர் இரவு தங்குகிறவர், வளைவுகள் வரிசையாக நிற்கும் பூசை மண்டபமான டாகுர்தாலானில் மாலை ஆரத்தி பார்ப்பார், வெளிக்கட்டுக்கும் பெண்கள் வாழ்ந்த அந்தர்மஹாலுக்கும் நடுவிலுள்ள தூரத்தைக் காலால் அளப்பார். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். துர்கா பூஜை நாட்களில் உறவினர் கூட்டமே வீட்டை நிறைத்துவிடும், பல மாதம் முன்பே கேட்டு வையுங்கள். தாலான் மேடையில் செருப்போடு ஏறாதீர்கள். குடும்பம் வாழும் கட்டுக்குள் கேட்காமல் நுழையாதீர்கள்.

அறை பதிவு செய்யும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். மழைக்கு முன் தூம்பைச் சுத்தம் செய்தீர்களா? சுவருக்குப் பூசியது சுண்ணாம்பா, சிமெண்டா? பதில் சொல்லத் தெரிந்த வீட்டில் பணத்தைக் கொடுங்கள். நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள். நன்றி.