நாண் ஏற்றிய வில்

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் ஓர் ஓவியத்தைக் காட்ட வழியில்லை, சொல்லத்தான் முடியும். இருந்தாலும் இந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்று வந்திருக்கிறேன்.

வரைந்தவர் குளோட் ஜெல்லே. இன்று பிரான்சில் இருக்கும் லொரேன் பகுதியில் பிறந்ததால் ஊர்ப்பேரே ஒட்டிக்கொண்டு குளோட் லொரேன் ஆகிவிட்டார். சிறு வயதிலேயே இத்தாலிக்குப் போனவர், வாழ்நாளில் பெரும்பகுதியை ரோமில்தான் கழித்தார். ரோமைச் சுற்றியுள்ள கம்பான்யா வெளிதான் அவருடைய நிலம். ஓங்கிய மரங்கள், மேயும் மாடுகள், இடிந்த கோயில், தொலைவில் நீலமாகக் கரையும் மலை. படத்தில் பார்த்தால் அங்கேயே குடியேறிவிடலாம் போலிருக்கும். நிஜத்தில் அந்தக் காலத்தில் அது மலேரியாவுக்குப் பேர்போன இடமாக இருந்தது, ஆள் நடமாட்டமும் குறைவு.

அப்படியென்றால் வரைந்ததெல்லாம் பொய்யா? நான் அப்படி நினைக்கவில்லை. அவருடைய நண்பர், ஜெர்மானிய ஓவியர் சான்ட்ரார்ட், ஒரு விஷயம் எழுதி வைத்திருக்கிறார். விடிவதற்கு முன்பே குளோட் வயல்வெளியில் போய்ப் படுத்துக்கொள்வாராம். வானம் வெளுப்பதைப் பார்த்து, அந்த நிறத்தை அங்கேயே குழைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து தீட்டுவாராம். மரத்தையும் கோயிலையும் இஷ்டத்துக்கு இடம் மாற்றினார், சரி. வெளிச்சம் கண்ணால் கண்ட வெளிச்சம்.

அவருடைய கடைசி ஓவியத்துக்கு வருகிறேன். 1682-இல் வரைந்தது, இப்போது ஆக்ஸ்போர்டில் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கதை பழைய ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் ஈனிட் காவியத்தில் வருவது. டிராய் நகரிலிருந்து இத்தாலிக்கு வந்த வீரன் ஈனியஸின் மகன் அஸ்கேனியஸ் வேட்டைக்குப் போகிறான். எதிரே ஒரு மான். அது காட்டு மான் இல்லை. சில்வியா என்ற பெண் வளர்த்த மான். கொம்பில் மாலை சுற்றி, உடம்பை வாரிவிட்டு, ஊற்றுநீரில் குளிப்பாட்டி வளர்த்தாள். பகலெல்லாம் காட்டில் திரிந்துவிட்டு, எவ்வளவு இருட்டினாலும் தானாக வீட்டுக்கு வந்துவிடும். அம்பு பட்ட அன்றும் வீட்டுக்குத்தான் வந்தது, இரத்தம் சொட்டச் சொட்ட. கிராமத்தார் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு டிராய்க்காரர்களோடு சண்டைக்கு ஓடினார்கள். போர் மூண்டது.

குளோட் போரையும் வரையவில்லை, காயத்தையும் வரையவில்லை. இடப்பக்கம் தூண்கள் வரிசையாக நிற்கும் ஒரு கோயில், அதன் கீழே வில்லை வளைத்தபடி அஸ்கேனியஸ். வலப்பக்கம் தனியாக மான். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி. அந்த வழியாகக் கண் கடல் வரைக்கும் போய்விடுகிறது. மரங்கள் காற்றில் சாய்கின்றன. மனிதர்கள் ஈர்க்குச்சி போல நெட்டையாக, உடம்பில் எடையே இல்லாதவர்களாக இருக்கிறார்கள். மனித உருவம் அவருக்குச் சரியாக வராது என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கோ அந்த மெலிவுதான் இந்த இடத்துக்குப் பொருத்தமாகப் படுகிறது. அந்தப் பெரிய அமைதிக்கு நடுவே அவ்வளவு சின்ன ஒரு விரல், நாணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வாழ்நாள் முழுக்க அமைதியான நாட்டுப்புறத்தை வரைந்தவர், எண்பது வயதையொட்டி, அது குலையப்போகும் நொடியை வரைந்தார். அதே ஆண்டு நவம்பரில் இறந்துபோனார்.

ஆக்ஸ்போர்டு பக்கம் போகிறவர்கள் அந்தப் படத்தின் வலது ஓரமாக, மானுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். அங்கிருந்து பார்த்தால் அஸ்கேனியஸ் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்பது தெரியும். நன்றி, வணக்கம்.