சட்டைப் பை எந்தப் பக்கம்?

நடுவர் அவர்களுக்கும் நாகர்கோவில் மக்களுக்கும் வணக்கம். இந்தத் தகவல் யுகத்தில் முதலில் வேண்டியது எழுத்தறிவா, படமறிவா? படமறிவே!

எதிரணித் தலைவர் கைத்தட்டல் வாங்கிவிட்டுப் போனார்: "படம் பார்க்கப் பள்ளிக்கூடமா? ஒரு வயசுப் பிள்ளைகூட போனைத் தள்ளித் தள்ளிப் பார்க்குது!" ஐயா, பார்க்குது. படிக்குதா? அதை விடுங்கள், நாம் படித்தோமா? வள்ளுவர் சிலை முன்னால் நின்று எத்தனை போட்டோ எடுத்திருப்போம்! பீடம் 38 அடி. அறத்துப்பால் 38 அதிகாரம். உருவம் 95 அடி. பொருளும் இன்பமும் சேர்ந்தால் 95 அதிகாரம். அறத்தின் மேல்தான் மற்ற இரண்டும் நிற்கும் என்று 2000-ஆம் ஆண்டிலிருந்து அந்தக் கல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நாம் செல்ஃபி எடுத்துவிட்டுப் படகேறி வந்துவிட்டோம்.

ஒரு நிமிஷம். ஆண்களெல்லாம் உங்கள் சட்டைப் பையைத் தொடுங்கள். எந்தப் பக்கம்? இடப்பக்கம். தொட்டபடியே கேளுங்கள்.

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஆழ்கடலில். அஞ்சாறு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது: போர்வை போர்த்திய பத்துப் பேர், பின்னால் ஒரு படகு. 'நம்ம பிள்ளையள் லட்சத்தீவுல பத்திரமா இருக்காங்க'. கடற்கரையே அழுது சிரித்தது. முகம் ஒன்றும் தெளிவில்லை. படகில் மங்கலாக நாலெழுத்து. காலேஜ் படித்த நாங்கள் உற்றுப் பார்த்துச் சொன்னோம்: "வேற மாநில எழுத்துதான், சந்தேகமே இல்ல."

என் பெரியம்மைக்கு எழுத்து தெரியாது. அவள் மகன், என் அண்ணனும் கடலில்தான். போனை வாங்கினாள். பார்த்தாள். திருப்பித் தரவில்லை. இன்னும் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "மக்களே, இவனுவளுக்கு எல்லாம் பை ஏன் வலப்பக்கம் இருக்கு?"

தொட்டுப் பாருங்கள் ஐயா, இன்னொரு தடவை! போர்வை விலகிய மூன்று பேருக்கும் பை வலப்பக்கம்! படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். நாங்கள் அதை மறுபடி திருப்பினோம். வேற மாநில எழுத்து என்றோமே, அந்த நாலெழுத்து? தமிழ்! என் தாய்மொழி. படித்த எங்கள் கண்ணுக்குத் தெரியாத தமிழ், எழுத்தறியாதவள் கேட்ட ஒரு கேள்வியில் தெரிந்தது. படத்தை கூகுளில் போட்டுத் தேடினால், வேறொரு கடற்கரையில் பல வருஷத்துக்கு முன்னால் எடுத்தது.

பள்ளிக்கூடம் எதுக்கு என்று கேட்டீர்களே, இதுக்கு! பெரியம்மைக்கு அந்தக் கண்ணைக் கொடுத்தது நாற்பது வருஷம் அவள் துவைத்து மடித்த சட்டைகள். போனோடு வளரும் பிள்ளைக்கு அதை யார் கொடுப்பது? எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, ஓரத்தில் எதை வெட்டினார்கள் என்று கேட்க வகுப்பறையில்தானே பழக்க வேண்டும்?

அன்றைக்கு அந்தக் கரையிலேயே முதலில் அழுதவள் பெரியம்மைதான். அவள் கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். கேட்டாள்.

அண்ணன் வரவில்லை.

போன வருஷம் அவள் போனில் இடமில்லை என்று பழைய படங்களை அழித்துக்கொடுத்தேன். அந்தப் படம் வந்தது. "பெரியம்மை, இதை அழிச்சிரட்டா?" என்றேன்.

"வேண்டாம் மக்களே. யாரு பெத்த பிள்ளையளோ. அவங்களாவது கரை சேந்தாங்கல்லா?"