ஒரு பைஸ் கணக்கு

வணக்கம் நேயர்களே. பள்ளிக்கூடக் கிரிக்கெட்டைப் பற்றிப் பேச வாருங்கள் என்று தயாரிப்பாளர் கேட்டபோது, நான் ஒரு பந்துகூட ஆடினதில்லையே என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணியோடு இரண்டு வருடம் ஊர் ஊராகப் போனவன்தான், ஆனால் பதினொருவரில் ஒருவனாக இல்லை, பன்னிரண்டாவது ஆளாகக்கூட இல்லை, ஸ்கோர் எழுதுகிறவனாக. கண் கொஞ்சம் மங்கல், கால் அதைவிட மந்தம், கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். பொறுப்பாசிரியர் ஒருநாள் என் கணக்குக் கொப்பியைப் பார்த்துவிட்டு "சனிக்கிழமை நீயும் வா" என்றார். அவ்வளவுதான் என் தெரிவு.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக் கிரிக்கெட் என்றால் எல்லோரும் பெரிய மட்ச்சைத்தான் பேசுவார்கள். மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904இல் தொடங்கிய வடக்கின் பெரும் சமர், சென் பற்றிக்ஸும் யாழ்ப்பாணக் கல்லூரியும் ஆடுகிற பொன் அணிகளின் போர். கொடி, பாண்ட் வாத்தியம், வெளிநாட்டிலிருந்து லீவு போட்டு வந்து வயிறு தள்ளிய பழைய மாணவர்கள், எல்லாம் சரி. அதைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது, அதே போட்டிப் பள்ளிகளின் சின்னப் பொடியன்கள் மோதுகிற மட்ச்சைப் பற்றி. அதற்குக் கூட்டம் கிடையாது. மதிலோரம் சைக்கிளைச் சாத்திவிட்டு நிற்கும் நாலைந்து தகப்பன்மார், எல்லைக்கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் மேயும் ஓர் ஆடு, மர நிழலில் ஒரு மேசை.

அந்த மேசைதான் என் இடம். அங்கே இரண்டு கதிரைகள் இருக்கும். ஒன்றில் எங்கள் பள்ளிப் பொடியன், மற்றதில் எதிர்ப் பள்ளிப் பொடியன். யோசித்துப் பாருங்கள், மைதானத்தில் இருபத்திரண்டு பேர் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்க, இந்த இரண்டு பேர் மட்டும் தோளோடு தோள் இடிக்க நாள் முழுக்கப் பக்கத்தில் இருக்க வேண்டும். அது மட்டுமா, இரண்டு கொப்பியும் ஒத்துப்போகிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கிரிக்கெட் விதியே சொல்கிறது. நடுவர் சைகை காட்டினால் மேசையிலிருந்து கை உயர வேண்டும். உயரும்வரை அவர் ஆட்டத்தைத் தொடர விடக்கூடாது. பதின்மூன்று வயதில் எனக்கு இருந்த ஒரே அதிகாரம் அதுதான், நானும் அதை ஆறுதலாகத்தான் பயன்படுத்துவேன், அவசரமே படமாட்டேன்.

கொப்பியின் அழகைக் கொஞ்சம் சொல்ல விடுங்கள். ஓட்டமில்லாத பந்துக்கு ஒரு புள்ளி. மட்டையிலும் உடம்பிலும் படாமல் போன பந்துக்கு ஓடி எடுக்கிற பைஸுக்கு முக்கோணம், காலில் பட்டுப் போன லெக் பைஸுக்குத் தலைகீழ் முக்கோணம், விதிக்கு மாறாக வீசிய நோ போலுக்கு வட்டம். துடுப்பாட்டக்காரர்களின் ஓட்டத்தோடு, மட்டையால் வராத இந்த உதிரிகளைக் கூட்டினால் மொத்தம் வரும். பந்துவீச்சாளர்கள் கொடுத்த ஓட்டத்தோடு பைஸையும் லெக் பைஸையும் கூட்டினாலும் அதே மொத்தம் வர வேண்டும். கடைக் கணக்குப் போலத்தான், வரவும் செலவும் இடித்தால் எங்கேயோ பிழை.

பிழை வந்தது. எண்பதுகளின் தொடக்கம், எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் நாங்கள் ஆடினவை ஒருநாள் மட்ச். இரண்டாவது இன்னிங்ஸுக்கு நேரம் கிடைப்பது அபூர்வம், முதல் இன்னிங்ஸில் யார் முன்னுக்கு நிற்கிறார்களோ அவர்களுக்கே வெற்றி. நாங்கள் முதலில் ஆடி 97. அவர்களுடைய கடைசி விக்கெட் விழுந்தபோது என் கொப்பியில் 97, பக்கத்துக் கொப்பியில் 98. எங்கள் சேர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறார், அவர்களுடைய சேரும் வந்து நிற்கிறார், இரண்டு கப்டன்மாரும் மேசையில் கையூன்றிக்கொண்டு நிற்கிறார்கள்.

துடுப்பாட்டக் கணக்கு இரண்டிலும் ஒன்று. பந்துவீச்சும் ஒன்று. பைஸ் மட்டும் அவனிடம் ஏழு, என்னிடம் ஆறு. தேடிப் பிடித்தோம். தேத்தண்ணியும் வடையும் மேசைக்கு வந்த ஓவர் அது. அந்த ஓவர் முடிவில் மட்டும் நாங்கள் கணக்கு ஒப்பிடவில்லை. அவனிடம் கடைசிப் பந்துக்கு ஒரு முக்கோணம், என்னிடம் ஆறும் புள்ளி. நான் விடுவேனா, "உன்ர கையில எண்ணெய், வடை பிடிச்ச கையால முக்கோணம் போட்டிருக்கிறாய்" என்றேன். அவன் கோபப்படவில்லை. அந்த ஓவர் முழுவதையும் அவர்களுடைய இடக்கைக்காரன்தானே எதிர்கொண்டான் என்று கேட்டான், ஆம் என்றேன். அடுத்த ஓவரின் முதல் பந்தில் ஒரு நான்கு, அது யாருடையது என்று கேட்டான். இரண்டு கொப்பியிலும் இடக்கைக்காரன் பெயரில்தான் இருந்தது. "ஓவர் மாறினால் பந்து போடுகிற முனை மாறும். ஓடாமல் இவன் எப்படி மற்றப் பக்கம் போய் நின்றான்?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. புள்ளியை அழித்து முக்கோணம் போட்டேன், அழிறப்பரும் அவனுடையதுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. கப்டன் ஒரு கிழமை பேசவில்லை.

பிறகு வளர்ந்தபிறகு ஒரு செய்தி வாசித்து ஆறுதல்பட்டேன். 1899இல் இங்கிலாந்தின் கிளிப்டன் கல்லூரியில், விடுதிகளுக்கிடையிலான சின்னவர்கள் மட்ச் ஒன்றில் கொலின்ஸ் என்ற பதின்மூன்று வயதுப் பொடியன் ஆட்டமிழக்காமல் 628 அடித்தான். நூறு வருடத்துக்கு மேல் உலகிலேயே பெரிய தனியாள் ஓட்டம் அதுதான். அதை எழுதியவர் பிறகு சொன்னாராம், இருபது கூடக் குறைய இருக்கலாம் என்று. இருபது! நான் ஒன்றுக்குப் பட்ட பாடு. அந்தச் சாதனை 2016 ஜனவரியில் மும்பைக்குப் பக்கத்துக் கல்யாணில் உடைந்தது, ஓட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகன் பிரணவ் தனவாடே, பதினாறு வயதுக்குட்பட்டோர் மட்ச்சில் 1009. பிள்ளையின் திறமையை நான் குறைக்கவில்லை, ஆனால் எதிரணியில் பெரிய பொடியன்கள் பரீட்சைக்குப் போய்விட, அவர்களைவிடச் சின்னவர்கள்தான் பந்து பொறுக்கினார்கள் என்று எழுதியிருந்தார்கள். அது எங்கள் ஊரிலும் உள்ளதுதான். பதினைந்து வயதுக்குட்பட்டோர் என்று ஒரே அணியில் மீசை அரும்பினவனும் வருவான், காலில் கட்டிய பாட் தொடையைத் தாண்டி நிற்கிறவனும் வருவான். கொப்பியில் எல்லோருக்கும் ஒரே அளவுக் கட்டம். சுழியத்துக்கு ஆட்டமிழந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசையைக் கடந்து போகிற சின்னவனை நிமிர்ந்து பாராமல் எழுதிவிடுவதுதான் அவனுக்குச் செய்யும் மரியாதை, இது எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மத்திய கல்லூரியில் படித்த வியாஸ்காந்த், 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் ஆடி, 2024 மே மாதம் ஐபிஎல்லில் ஐதராபாத் அணிக்காகப் பந்து வீசியபோது நானும் தொலைக்காட்சி முன்னால்தான் இருந்தேன். சின்ன வயதில் அவர் எடுத்த விக்கெட்டுகளையும் யாரோ ஒரு பொடியன் பென்சிலால் எழுதியிருப்பான் என்றுதான் என் புத்தி போனது.

அந்த மற்றக் கதிரைக்காரனைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவன் இப்போது டொரொன்டோவில். பெரிய மட்ச் நடக்கிற மூன்று நாளும் தொலைபேசி எடுப்பான். போன முறை எடுத்தபோது, நாற்பது வருடத்துக்குப் பிறகு, பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னான். "மச்சான், அந்தப் பந்தை நானும் பார்க்கேல்லை. அம்பயர் கையைத் தூக்கினார், நானும் தூக்கினேன். அவர் தேத்தண்ணி கேட்டுத் தூக்கினாரோ தெரியாது."

அப்படியானால் இடக்கைக்காரன் எப்படி மற்றப் பக்கம் போனான் என்று கேட்டேன். ஓவர் முடிய இரண்டு பேரும் நடுவில் நின்று கதைத்துவிட்டு முனை மாறிப் போய் நின்றிருப்பார்கள், சின்னப் பொடியன்கள்தானே என்கிறான்.

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அடுத்த நாள் அவனே எடுத்தான்.