ஃபாஸ்ட்நெட்: அலைக்கு ஆடிய இரும்பும் தாங்கி நின்ற கருங்கல்லும்

[காட்சி: அயர்லாந்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பால், நடுக்கடலில் ஒற்றைப் பாறை]

ஃபாஸ்ட்நெட் என்ற இந்தப் பாறையில் கலங்கரை விளக்கம் வருவதற்கு முன், பக்கத்திலுள்ள கேப் கிளியர் தீவில் 1818 முதல் ஒரு விளக்கு எரிந்தது. கடல் மட்டத்திலிருந்து 130 மீட்டருக்கும் மேலே. உயரம்தான் அதன் குறை. மூடுபனி இறங்கினால் விளக்கு மேகத்துக்குள் போய்விடும். 1847 நவம்பரில் ஸ்டீபன் விட்னி என்ற கப்பலுக்கு அது தெரியவே இல்லை. வேறொரு விளக்கைப் பார்த்து, அதை ஓல்ட் ஹெட் ஆஃப் கின்சேல் என்ற முனையின் விளக்கு என்று நினைத்துக்கொண்டு, அருகிலிருந்த வேறொரு தீவின் பாறையில் மோதியது. 92 பேர் இறந்தார்கள்.

அதன்பின்தான் ஃபாஸ்ட்நெட்டில் வார்ப்பிரும்புக் கோபுரம் எழுந்தது. 1854 ஜனவரி 1 அன்று விளக்கேற்றினார்கள். ஆனால் புயலில் கோபுரம் ஆடியது. அடிப்பகுதியைச் சுற்றி உறை போட்டு இறுக்கினார்கள்.

[காட்சி: கோபுரத்தின் குறுக்குவெட்டு வரைபடம்]

இந்த இடத்தைக் கவனியுங்கள். அடியை மட்டும் விறைப்பாக்கினால் ஆட்டம் நிற்காது. வளையும் இடம் உறைக்குச் சற்று மேலே நகரும். இதே முறையில் பலப்படுத்திய, அயர்லாந்துக் கடலோரத்தின் இன்னொரு பாறையான காஃப் ராக்கின் விளக்குக் கோபுரம், 1881 நவம்பர் புயலில் சரியாக அந்த இடத்தில்தான் ஒடிந்தது. அதே புயல் ஃபாஸ்ட்நெட்டின் விளக்கறைக் கண்ணாடியையும் உடைத்தது.

பொறியாளர் வில்லியம் டக்ளஸ் கருங்கல்லுக்கு மாறினார். கோபுரத்தை உச்சியில் வைக்காமல், பாறையின் மேற்குச் சரிவில் தாழ்வாக ஊன்றினார்: அலை முழு உயரத்தை எட்டும் முன்பே வளைந்த அடிப்பகுதியில் மோதிச் சிதற வேண்டும் என்பதற்காக. அற்புதமான முடிவு அது. ஒவ்வொரு கல்லிலும் நுனி விரிந்த நாக்கும் அதற்கேற்ற பள்ளமும் செதுக்கி, இங்கிலாந்தின் கார்ன்வாலிலேயே அடுக்கிச் சரிபார்த்து, பிறகுதான் கப்பலேற்றினார்கள். மொத்தம் 89 வரிசை, 54 மீட்டர் உயரம். 1904 ஜூன் 27 அன்று விளக்கு எரிந்தது. பழைய இரும்புக் கோபுரத்தின் அடித்துண்டு எண்ணெய்க் கிடங்காக மிஞ்சியது.

உள்ளே மண்ணெண்ணெய் ஆவியாகி மேன்டிலில் எரிந்தது, பெட்ரோமாக்ஸ் மாதிரிதான். டன் கணக்கில் எடையுள்ள லென்ஸ் பாதரசத் தொட்டியில் மிதந்ததால் கடிகாரப் பொறியே அதைச் சுழற்றியது. பாதரசத்தில் தூசு சேர்ந்தால் உராய்வு கூடும், சுழற்சி பிந்தும், மின்னும் இடைவெளி பிசகும். அதனால் அதை வடிகட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

1969-இல் மின்சாரம், 1989-இல் தானியங்கி, 2018-இல் எல்இடி. ஒளி எட்டும் தூரம் 27 கடல் மைலிலிருந்து 18 ஆகக் குறைந்தது. 5 நொடிக்கு ஒருமுறை மின்னும் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. இருட்டில் ஃபாஸ்ட்நெட்டை வேறு விளக்கென்று மாலுமி நினைத்துவிடாமல் காப்பது அந்தக் கணக்குதான்.