நேற்று ஒன்று, இன்று ஒன்று

நடுவருக்கும் அவைக்கும் வணக்கம். நோய் பற்றிய அறிவியல் கருத்து மாறுவது பலமா, பலவீனமா? பலம் என்பது எங்கள் கட்சி. தயாரித்து வந்த உரை கிடக்கட்டும், எதிரணி நண்பரோடு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது.

"நேற்று ஒன்று, இன்று ஒன்று. இது அறிவியலா, பச்சோந்தியா?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்!

வயிற்றுப்புண் எதனால் வருகிறது? கவலை, காரம், அமிலம். வெகுகாலம் இதுதான் வேதவாக்கு. இரைப்பை அமிலத்தில் கிருமியாவது, பிழைப்பதாவது! 1979இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்: அழற்சி கண்ட இரைப்பைச் சவ்வின் மேல் வளைந்து வளைந்து கிருமி! பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் கூட்டுச் சேர்ந்தார். வளர்த்தார்கள், வளரவில்லை. மறுபடியும் வளர்த்தார்கள், வளரவில்லை. ஏன்? இரண்டு நாளில் ஒன்றும் தெரியாவிட்டால் கிருமி வளர்க்கும் தட்டைத் தூக்கி எறிவது லேப் வழக்கம். 1982இல் ஈஸ்டர் விடுமுறை வந்தது. தட்டு ஐந்து நாள் இன்குபேட்டரிலேயே கிடந்தது. எடுத்துப் பார்த்தால் கிருமி முளைத்திருக்கிறது! நடுவர் அவர்களே, லீவு விட்டதால் விஞ்ஞானம் வளர்ந்தது! எதிரணி கவனிக்க: லீவு மட்டும் போதாது, திரும்பி வந்து தட்டையும் பார்க்கணும்.

நம்பினார்களா? "கிருமி இருந்தால் அதுதான் காரணமா? புண் வந்த இடத்தில் பிறகு குடியேறியிருக்கலாமே?" நியாயமான கேள்வி. நல்ல வயிற்றில் கிருமியை விட்டு நோயை வரவழைத்துக் காட்ட வேண்டும். மார்ஷல் பன்றிக்குட்டிகளிடம் முயன்றார், தொற்றவில்லை. 1984இல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார்! எந்தப் பச்சோந்தி அய்யா குடிக்கும்? சில நாளில் குமட்டல், வாந்தி, வாய்நாற்றம். பத்தாம் நாள் எண்டோஸ்கோப்பியில் எடுத்த திசுவில் அழற்சி, கூடவே அதே கிருமி. புண் வரவில்லை, அழற்சிதான் வந்தது. அவர் சொன்னதும் அவ்வளவுதான்.

அமிலத்தில் எப்படிப் பிழைத்தது? யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொள்கிறது. 2005இல் இருவருக்கும் நோபல். கிருமி ஒன்றே காரணம் என்றும் இல்லை, சில வலி மாத்திரைகளாலும் புண் வரும்.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரு நிமிடம். அந்தக் காலத்தில் அமிலம் குறைக்கும் மாத்திரையை நிறுத்தினால் புண் திரும்பும். சிலருக்கு இரைப்பையில் ஒரு பகுதியையே வெட்டி எடுத்தார்கள். "எல்லாம் உன் கவலையால்தான்" என்று பழி வேறு! இரண்டு ஆன்டிபயாடிக்கும் அமிலம் குறைக்கும் மாத்திரையுமாக இரண்டு வாரம் சாப்பிட்டால் ஆறியிருக்கக்கூடிய புண்ணுக்கு, ஆயுசுக்கும் அரைவயிறு சாப்பிட்டவர்கள் அவர்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து, கருத்து மாறியது தப்பு என்று எதிரணி நண்பர் சொல்லட்டும். நான் உட்கார்ந்துகொள்கிறேன்.