புது பேஸ் ஆம்பில் என்னவெல்லாம் இருக்க வேண்டும்? உங்கள் சந்தேகத்துக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம். ஒரு தம்பி எழுதியிருக்கிறார். எலக்ட்ரானிக்ஸ் படித்தவர், நண்பர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து சொந்தமாக ஒரு பேஸ் கிடார் ஆம்ப் செய்யப் போகிறாராம். "அண்ணா, 800 வாட் கொடுக்க முடியும், ப்ளூடூத், போன் ஆப், நிறைய ரெடிமேட் சவுண்ட் எல்லாம் வைக்கலாம் என்று இருக்கிறோம், ஆனால் எங்கள் மூன்று பேரில் யாருக்கும் பேஸ் வாசிக்கத் தெரியாது, வாசிக்கிறவர்கள் உண்மையில் என்ன எதிர்பார்ப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, செய்து முடித்துவிட்டுக் கேட்காமல் செய்வதற்கு முன்னாலேயே கேட்டீர்களே, அதற்கே எனக்குப் பெரிய சந்தோஷம். பேஸ் வாசிக்கிறவனுக்கு வேண்டியது என்னவென்றால், டிரம்ஸ் பக்கத்தில் நின்றுகொண்டு வாசிக்கும்போது தன் விரல் என்ன செய்கிறது என்பது தன் காதுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். அவ்வளவுதான். இனி நான் சொல்லப்போகிற எல்லாமே அதிலிருந்து வருவதுதான்.

வாட் கணக்கை முதலில் பேசிவிடலாம், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 400 வாட்டை 800 ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாது, 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆனால் ஸ்பீக்கரைப் பாருங்கள், 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் ஒன்று 97 டெசிபல் கொடுக்கிறது, இன்னொன்று 100 கொடுக்கிறது என்றால், இரண்டாவதை எடுத்தாலே அந்த 3 டெசிபல் சும்மா கிடைத்துவிடுகிறது. அதனால் 500 வாட்டை நேர்மையாகக் கொடுத்துவிட்டு மிச்சக் காசை ஸ்பீக்கரில் போடுங்கள். நேர்மையாக என்றால், எத்தனை ஓம் ஸ்பீக்கரில் (ஓம் என்பது மின்தடையின் அளவு), தொடர்ந்து கொடுக்கும் வாட்டா அல்லது ஒரு நொடி எகிறும் வாட்டா என்பதைப் பெட்டியின் முதுகில் தெளிவாக எழுதிவிடுவது.

இப்போது நான் முதலில் கேட்கும் நாப். ஹை-பாஸ் ஃபில்டர், அதாவது ஒரு அதிர்வெண்ணுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடுகிற ஃபில்டர். இது பல ஆம்பில் முன்பக்கம் இருக்கவே இருக்காது, இருந்தாலும் உள்ளே ஒளித்து வைத்திருப்பார்கள், திருப்ப முடியாது. நாலு தந்தி பேஸில் அடித்தந்தி இ, அது 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தியில் பி, கிட்டத்தட்ட 31 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே பாட்டு எதுவும் கிடையாது. கட்டைவிரல் பிக்கப்பில் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற பாகம்) முட்டுவது, உள்ளங்கை தந்தியை அமுக்குவது, மேடைப் பலகை அதிர்வது, இதுதான் இருக்கும்.

இதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவீர்கள். ஒருநாள் என் கேபினெட்டின், அதாவது ஸ்பீக்கர் பெட்டியின், முன் வலையைக் கழற்றி வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தேன். எந்த நோட்டும் வாசிக்கவில்லை, தந்திகளை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கட்டைவிரலை மட்டும் பிக்கப் மேல் மெதுவாக வைத்து வைத்து எடுத்தேன். காதில் பெரிதாக ஒன்றும் விழவில்லை, லேசாக 'தும்' என்று ஒரு சத்தம். ஆனால் ஸ்பீக்கர் கோன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னே தள்ளி உள்ளே இழுத்தது, மூச்சு வாங்குகிறவர் நெஞ்சு போல. துளை வைத்த கேபினெட் என்றால் இன்னும் மோசம், அந்தத் துளையை எந்த அதிர்வெண்ணுக்கு அமைத்திருக்கிறார்களோ அதற்குக் கீழே போனால் கோனைப் பிடித்து நிறுத்த உள்ளே காற்றின் எதிர்ப்பு இல்லை, அது பாட்டுக்கு ஆடும். உங்கள் 800 வாட்டில் ஒரு பெரும் பங்கு, யாருக்கும் கேட்காத இந்த ஆட்டத்துக்குத்தான் செலவாகும். அப்புறம் ஸ்பீக்கரும் கிழியும்.

ஹை-பாஸ் நாப் ஒன்று, 25இலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை திருப்புகிற மாதிரி, முன்பக்கத்தில் வையுங்கள். எதிரொலிக்கிற ஹாலில், வெற்றுப் பலகை மேடையில், அந்த ஒரு நாப் போதும், சத்தம் சுத்தமாகிவிடும். "50இல் வெட்டினால் பி தந்தி போய்விடாதா அண்ணா" என்று கேட்பீர்கள். போகாது. அந்த நோட்டில் நாம் கேட்பதில் பெரும்பகுதி 62, 93 என்று மேலே வரும் அதன் மடங்குகள்தான். அவை ஒழுங்காக இருந்தால் அடி நோட்டைக் காதும் மூளையும் சேர்ந்து நிரப்பிக்கொள்ளும். எத்தனையோ கேபினெட்டில் 50க்குக் கீழே ஏற்கெனவே சரிந்துதான் வருகிறது, யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

அடுத்தது மிட், அதாவது நடு அதிர்வெண்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்து வாசிக்கிற யாரைப் பார்த்தாலும் பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி, மிட்டை இறக்கி வைத்திருப்பார்கள். அங்கே அது அழகாகத்தான் இருக்கும். குறைந்த சத்தத்தில் நம் காதுக்குக் கீழ் அதிர்வெண்கள் மங்கலாகத்தான் கேட்கும், பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். அதே செட்டிங்கோடு மேடைக்குப் போனால் கதையே வேறு. அடியில் கிக் டிரம் உட்கார்ந்திருக்கிறது, மேலே சிம்பல், நடுவில் கிடாரும் கீபோர்டும் குரலும். பேஸ் காணாமல் போய்விடும். உடனே வால்யூமை ஏற்றுவார்கள், மேடையே குமுறும், ஆனாலும் வாசித்த நோட் எது என்று தெரியாது. அந்த நேரத்தில் கைகொடுப்பது மிட்தான்.

அதனால் மிட்டுக்கு ஒரு நாப் போதாது, லோ மிட், ஹை மிட் என்று இரண்டு வேண்டும், இரண்டுக்கும் அதிர்வெண்ணை நகர்த்துகிற நாப் தனியாக வேண்டும். 200, 250 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைத்தால் அறையின் குமுறல் அடங்கும். 700, 800 பக்கம் கொஞ்சம் ஏற்றினால் விரல் தந்தியை இழுத்து விடுகிற அந்த உறுமல் முன்னால் வரும். இன்னொன்று, எல்லா நாபையும் நடுவில் வைத்தால் உண்மையிலேயே ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் இருக்க வேண்டும். பல ஆம்பில் நடுவில் வைத்தாலும் உள்ளே ஒரு வளைவு ஒளிந்திருக்கும், இருபது நிமிடம் அதோடு சண்டை போட்ட பிறகுதான் புரியும். உங்கள் ஆம்புக்கென்று ஒரு குணம் வேண்டுமென்றால் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் அதை ஒரு ஸ்விட்சில் கொடுங்கள்.

டிஐ அவுட், அதாவது ஆம்பிலிருந்து நேராக மிக்சருக்குப் போகிற லைன், அதைப் பற்றிச் சொல்கிறேன், இதில் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கொஞ்சம் பெரிய மேடை என்றாலே இப்போது சபைக்குக் கேட்கும் பேஸ் நம் ஸ்பீக்கரிலிருந்து போவதில்லை, ஆம்பின் முதுகில் இருக்கிற எக்ஸ்எல்ஆர் சாக்கெட் வழியாக மிக்சருக்குப் போய் அங்கிருந்து பி.ஏ.வுக்கு, அதாவது சபைக்கான பெரிய ஸ்பீக்கர்களுக்கு, போகிறது. மேடையில் இருக்கும் ஆம்ப் எனக்காக, பக்கத்தில் இருக்கும் டிரம்மருக்காக. ஒருமுறை எனக்குக் கிடைத்த ஆம்பில் டிஐ, ஈக்யூவுக்கு (பேஸ், மிட், ட்ரெபிள் நாப்களுக்கு) பிறகு எடுக்கிற மாதிரி மட்டும்தான் இருந்தது, மாற்ற ஸ்விட்சே இல்லை. எனக்குச் சரியாகக் கேட்கவில்லையே என்று பாட்டின் நடுவில் பேஸ் நாபை ஏற்றினேன். எனக்குக் கொஞ்சம்தான் தெரிந்தது, ஆனால் ஹால் முழுக்க அலறியிருக்கிறது, சவுண்ட் இன்ஜினியர் கடைசியிலிருந்து கையை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தார். அவர் மேல் தப்பில்லை, ஒரு சின்ன ஸ்விட்ச் இல்லாததுதான் பிரச்சினை.

ஈக்யூவுக்கு முன், பின் என்ற ஸ்விட்ச் கட்டாயம். ஹம் வந்தால் டிஐ லைனின் கிரவுண்டைத் துண்டிக்கிற கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் கட்டாயம். மாஸ்டர் வால்யூமைத் தொட்டால் டிஐயின் அளவு மாறக் கூடாது. மிக்சரில் யாரோ தெரியாமல் மைக்குக்காகக் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் பவரைப் போட்டுவிட்டாலும் உங்கள் சர்க்யூட் பிழைக்க வேண்டும், இதைச் சோதித்துப் பார்க்காமல் வெளியே விடாதீர்கள். மியூட் அழுத்தினால் ஸ்பீக்கரும் டிஐயும் இரண்டுமே அடங்க வேண்டும், ட்யூனருக்குப் போகிற லைன் மட்டும் உயிரோடு இருக்க வேண்டும், பாட்டுக்கு நடுவே சுருதி சேர்ப்பதைச் சபை முழுக்கக் கேட்கத் தேவையில்லை.

எடை. ஆம்பெக் எஸ்விடி என்று ஒரு ஆம்ப், 1969இல் வந்தது, 300 வாட், 14 வால்வ். தலைப்பெட்டி (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி) மட்டும் 40 கிலோவை நெருங்கும், எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் வைத்த அதன் கேபினெட் 60 கிலோவுக்கு மேல். அந்தச் சத்தத்துக்கு இன்றைக்கும் ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் ஆசைப்படுகிறவன்தான். ஆனால் மூன்று மாடி ஏற்றி இறக்கிய முதுகு வேறு மாதிரி யோசிக்கும். கிளாஸ் டி, ஸ்விட்சிங் பவர் சப்ளை என்ற லேசான சர்க்யூட்கள் வந்த பிறகு 500 வாட் தலைப்பெட்டி இரண்டு மூன்று கிலோவில் கைப்பையில் போகிறது, நியோடிமியம் காந்தம் ஸ்பீக்கரின் எடையையும் குறைத்துவிட்டது. அதில் ஒரு சிக்கல் என்னவென்றால், இவ்வளவு லேசான பெட்டி கேபினெட் மேல் உட்கார்ந்தால் அதிர்வில் மெல்ல மெல்ல நகர்ந்து ஓரத்துக்கு வந்துவிடும், ஒருநாள் கீழே விழும். நல்ல பிடிப்பான, அகலமான ரப்பர் கால் வையுங்கள்.

கேபினெட்டும் நீங்களே செய்வதாக இருந்தால் ஹாஃப்மன் விதியை மறந்துவிடாதீர்கள். சின்னப் பெட்டி, ஆழமான அடிச்சத்தம், குறைந்த வாட்டில் நிறையச் சத்தம், இந்த மூன்றில் இரண்டுதான் ஒன்றாகக் கிடைக்கும். எந்த இரண்டு என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், மூன்றும் உண்டு என்று விளம்பரம் எழுதாதீர்கள்.

ஃபேன் சத்தம் பற்றி யாருமே கேட்பதில்லை, நான் கேட்கிறேன். மெதுவான பாட்டில், பாடுகிறவர் மூச்சு விடுகிற இடத்தில், பின்னால் ஒரு ஃபேன் 'உய்ய்' என்று ஓடினால் எவ்வளவு கஷ்டமாக இருக்கும் தெரியுமா? சூட்டுக்குத் தகுந்தபடி வேகம் மாறட்டும். சூடு மிஞ்சினால் சட்டென்று அணைந்துவிடாமல் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கட்டும். எனக்கு ஒரு ஆம்ப் பாட்டின் கடைசி வரியில் அப்படியே நின்றுபோயிருக்கிறது, பின்னால் திரைச்சீலை காற்றுத் துளையை மூடியிருந்தது. காற்றுத் துளையை முதுகில் மட்டும் வைக்காமல் பக்கவாட்டிலும் வையுங்கள்.

ஹெட்போன் கட்டாயம் வேண்டும், ராத்திரி பயிற்சி செய்கிறவர்கள்தான் அதிகம். அதில் கேபினெட் சத்தத்தைப் போல ஒரு ஃபில்டர் போட வேண்டும், இல்லையென்றால் தந்தி ஃப்ரெட்டில் மோதுகிற 'கிளிக்'கும் இரைச்சலும்தான் காதில் விழும். ப்ளூடூத்தைப் பாட்டு ஓடவிட்டுக் கூடவே வாசிக்க வையுங்கள், தப்பில்லை. ஆனால் போன் ஆப் இருந்தால்தான் கம்ப்ரெசரை (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது) திருப்ப முடியும் என்ற நிலை வேண்டவே வேண்டாம். நல்ல ஆம்ப் இருபது வருஷம் உழைக்கும், போன் ஆப் அத்தனை வருஷம் ஓடும் என்று யார் உத்தரவாதம் தர முடியும்? ரெடிமேட் சவுண்ட் நூறு வேண்டாம், நானே சேமித்து வைக்க மூன்று இடம் போதும்.

டிரைவ், அதாவது சத்தத்தை வேண்டுமென்றே கிழிக்கிற வசதி, கொடுப்பதாக இருந்தால் பிளெண்ட் நாப் இல்லாமல் கொடுக்காதீர்கள். பேஸை அப்படியே கிழித்தால் அடிப்பகுதி மெலிந்துவிடும், சுத்தமான சத்தம் அடியில் ஓட, கிழிந்த சத்தம் மேலே கலக்க வேண்டும். ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கான் சாக்கெட் போடுங்கள், திருப்பினால் பூட்டிக்கொள்ளும், கால் பட்டாலும் கழன்று வராது. 8 ஓம் கேபினெட் இரண்டை மாட்டினால் 4 ஓம் ஆகிவிடும் என்பது புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது, அதனால் எத்தனை ஓமுக்குக் கீழே போகக் கூடாது என்பதைச் சாக்கெட் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை தானாக ஏற்றுக்கொள்ளட்டும். உள்ளீட்டு ஜாக்கை போர்டில் மட்டும் சால்டர் செய்து விட்டுவிடாமல் உடம்புத் தகட்டில் நட் போட்டு இறுக்குங்கள், தினமும் கேபிள் மாட்டிக் கழற்றினால் முதலில் சாகிறது அந்த இடம்தான்.

அப்புறம் நாப். மேடை இருட்டாக இருக்கும், ஆம்ப் முழங்கால் உயரத்தில் இருக்கும், நான் கிடாரை மாட்டிக்கொண்டு மேலிருந்து பார்ப்பேன். கறுப்புத் தகட்டில் கறுப்பு நாப், அதில் சாம்பல் கோடு, பார்க்க ரொம்ப ஸ்டைலாக இருக்கும், மேடையில் ஒன்றுமே தெரியாது. வெள்ளைக் கோடு போடுங்கள். நடு இடத்தில் விரலுக்குத் தெரிகிற மாதிரி ஒரு சின்னத் தடை வையுங்கள்.

முதல் மாதிரி தயாரானதும் அதை உங்கள் மேஜையில் வைத்து அளந்துகொண்டே இருக்காதீர்கள். டிரம்மர் இருக்கிற ஒரு ஒத்திகை அறைக்கு எடுத்துப் போங்கள், அங்கே இருக்கும் பேஸ் வாசிக்கிறவரிடம் ஒரு வார்த்தையும் விளக்காமல் கொடுங்கள், விளக்கை அணையுங்கள், அவர் கை எந்த நாபுக்கு முதலில் போகிறது, எங்கே தடுமாறுகிறது என்று பாருங்கள். வலையைக் கழற்றி அந்தக் கோனையும் ஒருமுறை வீடியோ எடுத்து அனுப்புங்கள் தம்பி, அடுத்த பகுதியில் எல்லோருக்கும் போட்டுக் காட்டலாம்.